ஒரு ‘ம்’ குறைந்த கையெழுத்து

ஜூன் 19, புதன்

ஜனவரியில் இந்த டைரியைக் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் பார்த்தால் வருத்தப்படுவார். பால் வாங்கியதும் கேஸ் பதிந்ததும் தவிர இதில் இதுவரை ஒன்றும் எழுதவில்லை. இன்று எழுதியே ஆக வேண்டும். சீனியம்மாள் வீடு வாங்குகிறாள்.

பெரிய வீடெல்லாம் இல்லை. ஒன்றே முக்கால் சென்ட் இடம், சிமெண்ட் ஷீட் கூரை, ஒரு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முருங்கை மரம். பதினோரு வருடமாக அவள் வாடகைக்கு இருக்கும் அதே வீடுதான். வீட்டுக்காரர் தர்மராஜ் சார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மகனோடு கோயம்புத்தூருக்கே போகிறார். தீப்பெட்டிக் குடோன் வைக்க ஒருவர் இதே இடத்துக்கு முப்பதாயிரம் கூடக் கேட்டிருக்கிறார். சார்தான், “இருக்கிறவளுக்கு முதல்ல, மத்தவனுக்கு அப்புறம்” என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. ஆனி முடிவதற்குள் பத்திரம் முடிய வேண்டும். ஆடி பிறந்துவிட்டால் அவர் கிளம்பிவிடுவார், சாவி குடோன்காரர் கைக்குப் போய்விடும்.

ஆடியில் நம் பக்கம் யார் பத்திரம் பதிகிறார்கள்? ஆக, ஜூலை பதினாறுதான் கடைசி.

விலை இரண்டு லட்சத்து அறுபது. முன்பணம் நாற்பது கொடுத்தாயிற்று. மகளிர் குழுக் கடன் ஒன்றரை லட்சம் தயார். மீதி எழுபதும் போஸ்டாபீசில் இருக்கிறது. மாதம் ஆயிரமாக, அறுபது மாதம், ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியது. தீப்பெட்டி ஆபீசில் கட்டு கட்டாகப் பெட்டி அடுக்கிச் சம்பாதித்த ஆயிரம் ஒவ்வொன்றும். கணவன் இறந்து, இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு.

அதை மாதாமாதம் வாங்கிக் கட்டியவள் நான். பதினேழு வருடமாகச் சிறுசேமிப்பு முகவர். செவக்குளத்தில் செண்பகவல்லி வீடு எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. போஸ்டாபீஸ் அக்கா வீடு என்றால் நாய்கூட வழிகாட்டும்.

கணக்கு மார்ச் மாதமே முதிர்ந்துவிட்டது. வீடு பேசி முடிக்கும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று நான்தான் சொல்லிவைத்தேன். கைக்கு வந்தால் கரைந்துவிடும். அதுதான் காரணம். வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமை போய் எடுக்கிறோம்.

ஜூன் 21, வெள்ளி

பத்தரைக்கெல்லாம் போய்விட்டோம். சீனியம்மாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மஞ்சள் சேலை கட்டி வந்தாள். சிறிய போஸ்டாபீஸ்தான். போஸ்ட்மாஸ்டர் ஹேமலதா மேடம் சேலம் பக்கம், வந்து நான்கு மாதம் ஆகிறது. சின்ன வயது. சிரிக்க மாட்டார், ஆனால் யாரையும் காக்கவைக்கவும் மாட்டார்.

நான் பேனா நீட்டினேன். சீனியம்மாள் வேண்டாம் என்று தன் சுருக்குப்பையிலிருந்து ஒன்றை எடுத்தாள். எழுதப் படிக்கத் தெரியாமல் இருந்தவள் நாற்பது வயதுக்கு அருகில் கற்றுக்கொண்ட எழுத்து அது. ‘மு. சீனியம்மாள்’ என்று போட்டாள். சீயின் சுழி அழகாக வளைந்து, இரண்டு புள்ளியும் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை நோட்டில் மாதிரிக்கு எழுதிக்கொடுத்ததைப் போல இருந்தது.

மேடம் அதைப் பார்த்தார். பழைய விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தார். திரும்ப இதைப் பார்த்தார்.

“அம்மா, இது நீங்க போட்டதுதானே?”

“ஆமா மேடம்.”

“இதுவும் நீங்க போட்டதா?” என்று பழையதைத் திருப்பிக் காட்டினார்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய விண்ணப்பம். அதில் ‘சீனியமாள்’ என்று இருந்தது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருந்தன. முன்னெழுத்து இல்லை. நடுவில் ஒரு ‘ம்’ இல்லை.

சீனியம்மாள் குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கு வெள்ளெழுத்து, கிட்டத்தில் சரியாகத் தெரியாது.

“ஆமா மேடம்,” என்றாள்.

மேடம் அடியோடு மறுக்கவில்லை. இன்று முடியாது என்றுதான் சொன்னார், அதையும் மரியாதையாகச் சொன்னார். “பேரே வேற மாதிரி இருக்கே. வேற ஃபார்ம் தர்றேன், நிதானமா போடச் சொல்லிக் கொண்டாங்க. பழையதோட ஒத்துப்போச்சுன்னா அன்னைக்கே முடிச்சிடலாம். இல்லேன்னா கையெழுத்து மாத்தச் சொல்லி மேல எழுதணும். அது போய் வர ஒரு மாசம்கூட ஆகலாம்.”

ஒரு மாதம் என்றால் ஆடி.

வெளியே வந்ததும் சீனியம்மாள் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். ஐந்து வருடத்தில் கையெழுத்து நன்றாக வந்துவிட்டது, அதுதான் வினை என்றேன். சிரித்தாள். “அந்த மேடம் நல்லாத்தான் பேசுறாக,” என்றாள்.

ஜூன் 22, சனி

மாவு அரைத்தேன். போர்வை எல்லாம் துவைத்துப் போட்டேன். இவர் லாரி ஷெட்டிலிருந்து சாப்பிட வந்தபோது, “என்ன, நேத்துல இருந்து மொகத்தத் தூக்கி வச்சிருக்க?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். “அந்த விண்ணப்பம் போட்டப்ப நீயும் பக்கத்துல இருந்தியா?” என்றார்.

ஞாபகம் இல்லை என்றேன்.

ஜூன் 24, திங்கள்

மேடம் கொடுத்த வெற்று விண்ணப்பம் என் பையில்தான் இருக்கிறது. சீனியம்மாளிடம் இன்னும் கொடுக்கவில்லை. வெயில் அதிகம், அலைய முடியவில்லை.

ஆகஸ்டில் என் முகவர் உரிமம் புதுப்பிக்க வேண்டும். போட்டோ எடுக்க வேண்டும். அறுபத்து மூன்று வீட்டுக் கணக்கில் எனக்கு வரும் கமிஷன்தான் இந்த வீட்டு அரிசி. இவர் சம்பளம் இவருடைய சர்க்கரை மாத்திரைக்கும் வாடகைக்கும் சரியாகிவிடும். ஊருக்கெல்லாம் வீடு வாங்க வழிசொல்கிறவள் வாடகை வீட்டில் இருக்கிறாள் என்று யாராவது சிரித்தால் நானும் சேர்ந்து சிரிப்பேன்.

பால் எழுதும்போது பேனா ஓடவில்லை. ஓடுகிறதா என்று பார்க்க ஓரத்தில் கிறுக்கினேன்.

சீனியமாள். சீனியமாள்.

கிழித்துவிடலாம் என்றால் இதே தாளில்தான் பால் கணக்கு இருக்கிறது.

ஜூன் 25, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. கேஸ் வந்தது.

ஜூன் 26, புதன்

தீப்பெட்டி ஆபீஸ் விட்டதும் சாயங்காலம் சீனியம்மாள் நேராக இங்கே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே தீப்பெட்டிக்கு ஒட்டும் லேபிள்கள், அச்சு சரியில்லை என்று கழித்துப் போட்டவை. முன்பக்கம் முயல் படம். பின்பக்கம் வெள்ளை.

கற்றுக்கொண்ட நாளிலிருந்து அவள் கையெழுத்துப் பழகுவது இந்த லேபிள்களின் முதுகில்தான். ஐந்து வருடமாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு மூன்று முயலின் முதுகில் எழுதிவிட்டுத்தான் கை கழுவுவாள் என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள்.

“பாருங்கக்கா, இப்ப வந்துருச்சு,” என்று மேஜைமேல் கொட்டினாள்.

நாற்பது லேபிளாவது இருக்கும். எல்லாவற்றிலும், அன்று வெகுநேரம் குனிந்து பார்த்த அதே ‘சீனியமாள்’. எழுத்துகளைச் சாய்த்து, முன்னெழுத்தை விட்டு, அந்த ‘ம்’மை விட்டு. முதல் பத்தில் ‘ம்’ எழுதி அடித்திருந்தாள், கை பழக்கத்தில் வந்திருக்கிறது. போகப் போக வரவில்லை. கடைசி ஐந்தை விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மேடத்தாலேயே பிரிக்க முடியாது.

நன்றாக எழுத ஐந்து வருடம் பழகியவள், கெட்டுப்போக நான்கு நாள் பழகியிருக்கிறாள்.

“ஃபாரத்தக் குடுங்க, போட்டுத் தாரேன். நாளைக்கே முடிச்சிருவோம்,” என்றாள்.

என் பையிலிருந்து அதை எடுக்கக் கை போகவில்லை. “ஏன் சீனி, உன் பழைய கையெழுத்து உனக்கே மறந்துபோச்சா? யோசிச்சு யோசிச்சு எழுதியிருக்க,” என்று சும்மா கேட்பதைப் போலக் கேட்டேன்.

லேபிள்களை ஒன்றுசேர்த்துத் தட்டி அடுக்கினாள். பெட்டி அடுக்குகிற கை, சேர்ந்தாற்போல வந்துவிடும்.

“என் கையெழுத்தா இருந்தா மறக்காதுக்கா.”

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

“அன்னைக்கு நான் கொழாயடியில நின்னு மொகத்தக் கழுவிட்டு வாரேன், எல்லாம் முடிஞ்சதுன்னு சொன்னீக. எழுதத் தெரியாதவளுக்கு அதுகூடவா தெரியாது? நீங்கதான் போட்டீகன்னு அன்னைக்கே தெரியும். எனக்காகப் போட்டீக. இப்ப ஒங்களுக்கு ஒண்ணு வந்துரக்கூடாதுல்லக்கா.”

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, விண்ணப்பத்தை மறுபடி கேட்டாள். தேடிப் பார்த்து நாளைக்குத் தருகிறேன் என்றேன். பை என் மடியிலேயே இருந்தது. அவளும் அதைப் பார்த்தாள்.

ஜூன் 27, வியாழன்

சரி, எழுதிவிடுகிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன், மார்ச் மாதக் கடைசி வெள்ளி. கூட்டம். அவள் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு இருபது நாள்கூட ஆகவில்லை. முதல் விண்ணப்பத்தில் கை நடுங்கி மை கொட்டிவிட்டது. இரண்டாவதில் எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அப்போது இருந்த கிளார்க் அதைப் பேனாவால் அடித்துவிட்டு, “ரேகை வைக்கச் சொல்லுங்கம்மா, லைன் நிக்குது,” என்றார். சீனியம்மாளின் முகம் செத்துவிட்டது. அவள் மாமனார் ஒரு காகிதத்தில் பெருவிரல் வைத்துத்தான் இரண்டு குறுக்கம் கரிசல் நிலம் கைவிட்டுப் போனது. அந்த வீட்டில் யாரும் இனி ரேகை வைப்பதில்லை என்று அவள் கணவன் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தான். அதற்காகத்தான் அவள் எழுதக் கற்றதே.

நான் மூன்றாவது விண்ணப்பம் வாங்கினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே குழாயடிக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்து நானே போட்டுவிட்டேன்.

பாதி இரக்கம். பாதி மார்ச் மாதக் கடைசி, என் வருட இலக்குக்கு இன்னும் இரண்டு கணக்கு குறைந்தது.

இதை அவள் மன்னித்துவிட்டாள். அது எனக்கு நன்றாகவே தெரிகிறது. ஆனால் எழுதாத இன்னொன்று இருக்கிறது. அந்த ‘ம்’ மறந்து விட்டுப்போனதில்லை. புதிதாக எழுதக் கற்றவள் போட்டது போல இருக்கட்டும் என்று யோசித்து, வேண்டுமென்றே விட்டேன்.

ஜூன் 29, சனி

சீனியம்மாள் வீட்டுக்குப் போனேன். விண்ணப்பத்தில் பொய்க் கையெழுத்துப் போட வேண்டாம், மேடத்திடம் நானே உண்மையைச் சொல்கிறேன் என்று சொல்வதற்காக. அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

“ஒங்க ஏஜெண்டு வேலை போயிருமே. அப்புறம் எங்க துட்ட யாரு வாங்கிக் கட்டுவா?”

“நீங்களே கட்டுவீங்க. நாலு தெரு தள்ளித்தானே இருக்கு.”

“அதுக்குச் சொல்லலக்கா. நீங்க எதத் தின்பீக?”

வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். இன்னும் தன்னுடையது ஆகாத வீட்டுக்கு இப்போதே வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்திருக்கிறாள். நர்சிங் படிக்கும் மூத்தவள் படிக்க இனி ஒரு தடுப்பு கட்டலாம், ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டாம் என்றாள். பதினோரு வருடத்தில் சுவரில் ஒரு ஆணிகூட அவள் தன் இஷ்டத்துக்கு அடித்ததில்லை. தர்மராஜ் சார் கேட்டால் வேண்டாம் என்று சொல்பவர் இல்லை. இவள்தான் கேட்டதில்லை.

“பொய்யா ஒரு கையெழுத்துப் போட்டு வாங்குற வீட்டுல எப்படி நிம்மதியா ஆணி அடிப்ப?” என்று கேட்டேன்.

அது வேலை செய்தது. உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் திறந்தாள். ரேஷன் கார்டு, மகள்களின் மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்தாள். நான்காக மடித்தது, மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தது.

அன்று கிளார்க் அடித்துக் கொடுத்த இரண்டாவது விண்ணப்பம். தேதி இருந்தது. கிளார்க்கின் சிவப்புக் கோடு இருந்தது.

“நான் மொத மொத ஆபீஸ்ல போட்ட கையெழுத்துல்லக்கா, தூக்கிப் போட மனசு வரல.”

எழுத்து நடுங்கியிருந்தது. கோடு கட்டத்தைத் தாண்டி ஓடியிருந்தது. ஆனால் ‘மு. சீனியம்மாள்’ என்று முழுதாக இருந்தது. முன்னெழுத்து இருந்தது. இரண்டு புள்ளியும் இருந்தன. அந்த ‘ம்’ அங்கே இருந்தது.

இருபது நாளில் தன் பெயரை ஒரு எழுத்து பிசகாமல் கற்றவள் அவள். அவள் தப்பாகத்தான் எழுதுவாள் என்று நினைத்தது நான். பதினேழு வருடமாக இவர்களுக்கு நான் நல்லது செய்துகொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. அங்கே அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது வெட்கமாக இருந்தது. அழுதுவிட்டேன். சீனியம்மாள், “எதுக்குக்கா?” என்று கேட்டாள். சுண்ணாம்பு நெடி என்றேன்.

முந்தாநாள் எழுதிய அந்த ‘ம்’ விஷயத்தையும் பிறகு அவளிடம் சொல்லிவிட்டேன். தாளை என் கையிலிருந்து வாங்கி மடித்தாள். “அதான், எங்க போச்சு அந்த எழுத்துன்னு அன்னைக்குத் தேடிக்கிட்டே இருந்தேன்,” என்றாள். கோபம் இருந்தது. கோபம் இருந்ததில் எனக்கு ஒரு ஆறுதல்.

ஜூலை 1, திங்கள்

இவரிடம் காலையில் சொன்னேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, “ஷெட்டுல டீக்கடை போடச் சொல்லிக்கிட்டிருக்காங்க. உன் இட்லிக்குக் கிராக்கி இருக்கு,” என்றார். இருபத்தெட்டு வருடத்தில் இவர் என் இட்லியைப் பாராட்டியது இதுதான் முதல் தடவை.

மேடத்திடம் கடிதத்தைக் கொடுத்தேன். நானே எழுதியது. ‘மேற்படி விண்ணப்பத்தில் உள்ள கையெழுத்து சீனியம்மாள் போட்டது அல்ல. முகவராகிய நான் போட்டது.’ இரண்டு முறை படித்தார்.

“நீங்க சொல்லாம இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே.”

“அவளுக்குத் தெரியும் மேடம்.”

சீனியம்மாள் பழைய தாளை விரித்து வைத்தாள். மேடம் தேதியைப் பார்த்தார், சிவப்புக் கோட்டைப் பார்த்தார், முதல் நாள் வந்தபோது அவள் போட்ட கையெழுத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “கட்டத்துக்கு வெளியே போனதைத் தவிர இதுல ஒரு தப்பும் இல்லையே,” என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“உங்க கடிதத்தை மேல அனுப்பித்தான் ஆகணும். ஏஜென்சி என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது.”

“அனுப்புங்க மேடம்.”

“ஆனா பணம் அவங்களோடது. அதையும் இதையும் நான் முடிச்சுப் போட மாட்டேன்.”

ஆதார், இரண்டு சாட்சி, புது மாதிரிக் கையெழுத்து மூன்று. எல்லாம் வாங்கிக்கொண்டார். பழைய தாளையும் இணைக்கக் கேட்டார். சீனியம்மாள் கொடுக்கத் தயங்கினாள். “திரும்ப வருமா மேடம்?” என்றாள். வரும் என்றார்.

ஜூலை 6, சனி

மாதத் தவணை வாங்கும் நாள்கள். பையைத் தூக்கிக்கொண்டு போகும் முன் யோசித்தேன். எப்படியும் தெரியப்போகிறது, என் வாயால் தெரியட்டும். ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். மூன்று நாளாக அறுபத்து மூன்று வாசலில் அதே கதை. தொண்டை கட்டிவிட்டது.

பலர் “சரி விடுங்கக்கா” என்றார்கள். ஒருத்தி தவணை எழுதும் அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே, “எனக்கும் அப்புடித்தான் போட்டீகளா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பினாளா தெரியாது. நான்கு பேர் இனி நாங்களே போய்க் கட்டிக்கொள்கிறோம் என்று அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அதில் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. கொஞ்சம் கோபப்பட்டேன்.

நான்கு வருடத்துக்கு முன் கர்ப்பப்பை எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவர்கள்தான் ஆரஞ்சுப் பழத்தோடு அட்டையையும் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்கள். நான் ஒரு மாதம் போகாவிட்டால் எனக்குக் கமிஷன் விட்டுப்போகுமே என்று. அப்போது நான் அதைத் தொந்தரவு என்று நினைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

விசாரணை முடியும்வரை முகவர் உரிமம் நிறுத்தி வைக்கப்படுவதாகக் கடிதம் வந்தது. எதிர்பார்த்ததுதான். படித்துவிட்டு இரண்டு கிலோ உளுந்து வாங்கிவந்தேன்.

பணத்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை. திங்கள் பதினைந்தாம் தேதிக்குப் பத்திரப் பதிவுக்கு நேரம் வாங்கியிருக்கிறோம். குடோன்காரர் நேற்றும் தர்மராஜ் சார் வீட்டுக்கு வந்துபோனாராம். சார் என்னைத் தெருவில் பார்த்து, “திங்கட்கிழமை வரைக்கும்தான்மா என்னால தாக்காட்ட முடியும், மகன் சத்தம் போடுறான்,” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

சீனியம்மாள் சுண்ணாம்பைக் கிளறிவிட்டுக்கொண்டிருக்கிறாள். காய்ந்துவிடுமாம்.

ஜூலை 11, வியாழன்

இல்லை.

ஜூலை 12, வெள்ளி

வந்துவிட்டது.

மத்தியானம் சீனியம்மாளின் வங்கிக் கணக்கில் எழுபதாயிரத்துச் சொச்சம் ஏறிவிட்டது. அவள் செல்போனில் வந்த செய்தியை மகள் வாசிக்க, அவள் மறுபடி தானே எழுத்துக் கூட்டி வாசித்து, அப்புறம்தான் நம்பினாள்.

ஒரு மாதம் ஆகும் என்றது பதினோரு நாளில் எப்படி வந்தது? போஸ்ட்மேன்தான் சொன்னார். போன சனிக்கிழமை மேடம் தபாலில் போட்டால் தாமதமாகும் என்று தன் செலவில் பஸ் ஏறி, காகிதங்களை மேலதிகாரியின் கையில் கொடுத்துவிட்டு வந்தாராம். ஓடிப்போய் நன்றி சொன்னேன். “எதுக்கு?” என்று நிமிராமல் கேட்டுவிட்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தார். பழைய தாளை மட்டும் ஒரு கவரில் போட்டு, “அவங்ககிட்ட சேத்துடுங்க,” என்றார். மடிப்புக் கிழிசலில் பின்பக்கமாக ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது.

எத்தனையோ பேர் நல்லது செய்கிறார்கள், நமக்குத் தெரியாமலேயே. கண் நிறைந்துவிட்டது. இன்று சுண்ணாம்பு நெடி கிடையாது.

ஜூலை 15, திங்கள்

சீனியம்மாள் நேற்றே சொல்லிவைத்திருந்தாள், ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு வாங்க என்று. கூட்டத்தில் எதற்காவது கேட்பார்கள் என்று நினைத்து எடுத்துப் போனேன்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் பன்னிரண்டாவது டோக்கன். மூத்தவள் வகுப்புக்குப் போகாமல் கூட வந்திருந்தாள். தர்மராஜ் சார் வெள்ளை வேட்டியில் வந்தார். எங்கள் முறை வந்ததும் அவரை முதலில் கூப்பிட்டு, ஒரு சின்னப் பெட்டியின் கண்ணாடிமேல் பெருவிரலை வைக்கச் சொன்னார்கள்.

சீனியம்மாள் என் கையைப் பிடித்தாள். “அக்கா, ரேகையா?”

நான் இதை யோசிக்கவே இல்லை. பத்திரம் என்றால் இங்கே எல்லோருக்கும் ரேகைதான். அவள் சாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடம் பாடம் நடத்திய மனிதர், கண்ணாடியைக் கழற்றி, பெருவிரலைச் சட்டையில் துடைத்து, சொன்னபடி வைத்தார்.

“சாருக்குமாக்கா?”

“கலெக்டரே இடம் வாங்கினாலும் இதுதான் சீனி.”

“அப்ப சரி,” என்று முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போனாள். வைத்தாள். பெட்டி எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி வைத்தாள். எடுத்துக்கொள்ளவில்லை. இருபது வருடம் பசையிலும் அட்டையிலும் தேய்ந்த விரல். “ரேகையே விழ மாட்டேங்குதேம்மா,” என்றார் அலுவலர். சீனியம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். “பாத்தீகளா, என் வெரலுக்கே இஷ்டமில்ல,” என்றாள். அலுவலரும் சிரித்துவிட்டார். ஈரத்துணி கொண்டுவந்து துடைத்து, ஐந்தாவது தடவையில் விழுந்தது.

அப்புறம் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் போட வேண்டும். சுருக்குப்பையிலிருந்து தன் பேனாவை எடுத்தாள். ‘மு. சீனியம்மாள்’. அடுத்த பக்கம். ‘மு. சீனியம்மாள்’. பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் வைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தாள். நானும் அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

“சாட்சி யாரு?” என்றார் பத்திர எழுத்தர்.

நான் சுற்றிலும் பார்த்தேன். சீனியம்மாள் என்னைக் கொண்டுபோய் மேஜைக்கு முன் நிறுத்தினாள். பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் என் பெயர், கணவர் என்று இவர் பெயர், கதவு எண்ணோடு ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது. போன வாரமே சொல்லி எழுத வைத்திருக்கிறாள், பணம் வருமா வராதா என்று தெரியாமல் இருந்தபோதே.

“நானா?” என்றேன். “என் கையெழுத்தையா கேக்குற?”

“ஒங்களத்தான்க்கா.”

பதினேழு வருடமாகப் பட்டியலிலும் ரசீதிலும் போட்டுப் போட்டு என் கையெழுத்து ஒரு கிறுக்கலாகிவிட்டது, பேரே தெரியாது. என் பேனாவைத் தாளில் வைக்கப் போனேன். பக்கத்திலிருந்து அவள் தன்னுடையதை நீட்டினாள்.

“இந்தத் தடவ ஒங்க பேரப் போடுங்கக்கா,” என்றாள். “எழுத்து விடாம.”

செண்பகவல்லி என்று போட்டேன். முழுதாக, இரண்டு புள்ளியும் வைத்து. கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. யாரும் அதை அடிக்கவில்லை.